கொடிமலையில் நண்பரைச் சந்திக்க: எந்த வாசல், எந்தக் குடில், எவ்வளவு நேரம் காத்திருப்பது

பினாங்குக் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) முதல்முறை நடந்து ஏறப் போகிறவர்கள் காலணியைப் பற்றியும் மழையைப் பற்றியும் நிறைய விசாரிப்பார்கள். நண்பரை எங்கே சந்திப்பது என்பதை மட்டும் “மலை அடிவாரத்துல பார்ப்போம்” என்ற ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொடிமலைக்கு அடிவாரம் ஒன்றல்ல. ஆயர் ஈத்தாமில் ரயில் நிலையம் இருக்கும் பக்கமும் அடிவாரம்தான், தாவரவியல் பூங்கா இருக்கும் பக்கமும் அடிவாரம்தான். இரண்டுக்கும் நடுவில் நிற்பது மலை. ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் பல கிலோமீட்டர். ஒருவர் அங்கும் ஒருவர் இங்கும் நின்று அரை மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணமாக நடப்பது.

ஆகவே முதல் வேலை, வாசலை முடிவு செய்வது.

எந்த வாசல்?

புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: தாவரவியல் பூங்காவின் பிரதான வாசலுக்கு வெளியே சந்தியுங்கள், ஜீப் பாதையில் ஏறுங்கள். ஜீப் பாதை தார் போட்டது, உச்சி வரை சுமார் 5 கிலோமீட்டர். வழி தவறுவது கடினம். காட்டுத் தடத்தின் அழகு இதில் இல்லை, உண்மைதான். ஆனால் வெவ்வேறு நேரத்தில் புறப்படும் இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க இதைவிட நல்ல பாதை இந்த மலையில் இல்லை.

அடுத்தது மூன் கேட். அதே ஜாலான் கெபுன் பூங்காவில், பூங்காவுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் சாலையோரத்தில் நிற்கும் வட்டத் திறப்புள்ள பழைய வாசல் அது. ஒருமுறை பார்த்தால் மறக்காது. அதன் வழியாக நுழைந்தால் மண்ணும் வேரும் படிகளுமாகக் காட்டுத் தடம் தொடங்கும். மேலே போகப் போகக் கிளை பிரியும். வழி தெரிந்தவர் கூட இருந்தால் இது அருமையான தடம். தனியாக வந்து நடுவழியில் யாரையாவது சந்திக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பம் நம்மவர்களுக்கு மட்டுமே வரும். இந்தப் பக்கத்தைத் தமிழர்கள் தண்ணீர்மலை என்பார்கள். “தண்ணீர்மலைக்கு வந்துடு” என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில். அதுவும் இதே சாலையில்தான் இருக்கிறது. கோயிலின் 513 படிகளை ஏறினால் முருகனைத் தரிசிக்கலாம், ஜார்ஜ் டவுனைப் பார்க்கலாம். ஆனால் கொடிமலைக்கு நடந்து போகும் வழி அதுவல்ல. நண்பர் கோயில் வாசலில் இறங்கிவிட்டால் அங்கிருந்து பூங்கா வாசலுக்கு இன்னும் உள்ளே நடந்து வரவேண்டும். அதனால் கோயிலை அடையாளமாகச் சொல்லும்போது “கோயிலைத் தாண்டி, ரோடு முடியற வரைக்கும் வாங்க” என்று சேர்த்துச் சொல்லுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய மூன்று நாள்கள் இந்தச் சாலைப் பக்கம் நடைத் திட்டமே போடாதீர்கள். சாலையில் வண்டி நகராது, பந்தல்களும் காவடிகளும் கூட்டமுமாக இருக்கும். அந்த நாள்களில் வந்தால் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டுத் திரும்பலாம். மலை ஏற முடியாது.

பூங்கா வாசலிலும் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். ஜீப் பாதை தொடங்குவது வாசலுக்கு வெளியே. பூங்காவுக்குள் நுழைந்துவிட்டால் உள்ளே ஒரு வட்டச் சாலை இருக்கிறது, அதில் காலை நடை போகிறவர்கள் ஏராளம். அவர்கள் பின்னால் நடந்தால் ஒரு சுற்று சுற்றி அதே வாசலுக்கு வந்து சேர்வீர்கள். “கேட்டுக்கு வெளிய” என்ற சொல் செய்தியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வந்து சேர்வது

பஸ்ஸில் வருபவர்கள் ஜெட்டியிலிருந்தோ கொம்தாரிலிருந்தோ ரேபிட் பினாங்கு 10-ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் பூங்கா வரை வரலாம். அடிக்கடி வரும் வண்டியல்ல. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க நேரும். எனவே பஸ்ஸில் வரும் நண்பருக்கு ஏற்ப நேரம் குறியுங்கள், காரில் வருபவருக்கு ஏற்ப அல்ல. 204-ஆம் எண் பஸ் ஆயர் ஈத்தாம் ரயில் நிலையத்துக்குப் போவது. “கொடிமலை பஸ்” என்று கேட்டால் யாரும் அதில்தான் ஏற்றிவிடுவார்கள்.

கிராப் செயலியில் வாடகைக் கார் பிடிப்பவர்கள் சேருமிடத்தில் “பினாங்கு ஹில்” என்று தட்டினால் வண்டி ஆயர் ஈத்தாமுக்குப் போய்விடும். “பினாங்கு பொட்டானிக் கார்டன்ஸ்” என்றே போட வேண்டும்.

காரில் வருபவர்கள் சனி, ஞாயிறுகளில் ஏழு மணிக்கு முன்பே வந்தால் நிறுத்த இடம் கிடைக்கும். இருக்கையில் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பூங்காப் பகுதியிலிருந்து மலைக்குக் கேபிள் கார் கட்டும் திட்டமும் இருப்பதால் வண்டி நிறுத்தும் இடங்களும் வேலிகளும் மாறக்கூடும். போன மாதம் வந்தவர் சொன்ன இடம் இந்த மாதம் அடைத்திருக்கலாம். முதல்நாள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

கூகுள் மேப்பில் ஜீப் பாதை ஒரு சாலையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் காரை மேலே ஓட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அனுமதி பெற்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டுமே அந்தப் பாதை. சரிவும் கொண்டை ஊசி வளைவுகளும் அப்படி.

எந்தக் குடில்?

இருவரும் ஒன்றாகவே ஏறினால் குடிலைப் பற்றிய பேச்சே தேவையில்லை. ஆனால் ஒருவர் முன்னால் போய்விடுவார், ஒருவர் தாமதமாக வருவார், இன்னொருவர் மூன் கேட் வழியாக ஏறிக்கொண்டிருப்பார். இவர்களுக்கெல்லாம் நடுவில் ஒரு கூரை வேண்டும். ஜீப் பாதையில் அது “84”. எண்பத்து நாலு, எய்ட்டி ஃபோர், எப்படிக் கேட்டாலும் மலை ஏறுபவர்களுக்குத் தெரியும். பாதி வழியில் இருக்கும் ஓய்விடம். கூரை உண்டு, உட்கார இடம் உண்டு. வழக்கமாக மலை ஏறுபவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சூடான பானமும் பிஸ்கட்டும் இருக்கும். விலை கிடையாது, பெட்டியில் இஷ்டப்பட்டதைப் போடலாம். குடித்த கோப்பையை அலசி இருந்த இடத்தில் வையுங்கள். சில நேரங்களில் ஒன்றும் இல்லாமலும் போகும், அதனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு ஏறக் கூடாது.

“முதல் குடில்ல நில்லு” என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதையில் சின்னச் சின்னக் கூரைகளும் பெஞ்சுகளும் வேறு இடங்களிலும் உண்டு. எது முதல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலகைகளில் மலாயில் “வக்காஃப்” என்றோ “பொண்டோக்” என்றோ எழுதியிருந்தால் இரண்டும் இப்படிப்பட்ட ஓய்வுக் குடில்தான். அதனால் “வக்காஃப் பார்த்தேன், உக்காந்துட்டேன்” என்று நண்பர் சொன்னால் அது 84 என்று எடுத்துக்கொள்ளாமல் பலகையில் என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் நல்லது, பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வாசலிலிருந்து 84 வரை நடுத்தர உடல் தெம்பு உள்ள புதியவருக்கு ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு ஒன்றேகால். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் அவ்வளவு நேரமோ கொஞ்சம் கூடுதலாகவோ பிடிக்கும். ஐந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ஐந்தில் ஏறுவது கிட்டத்தட்ட 700 மீட்டர். அதாவது சராசரியாக நூறு மீட்டர் நடந்தால் 14 மீட்டர் மேலே போகிறீர்கள். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் இங்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. பூங்காவைச் சுற்றி நடக்கும் வேகத்தை வைத்து “அரை மணில வந்துடுவேன்” என்று வாக்குக் கொடுப்பவர்களால்தான் 84-இல் காத்திருப்பவர் வியர்வை காய்ந்து நடுங்கத் தொடங்குகிறார். ஈர பனியனோடு காற்றில் உட்கார்ந்தால் இந்த ஊரிலும் குளிரும். மாற்றிக்கொள்ள ஒரு பனியனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

செய்தியை எப்படி எழுதுவது

சந்திப்புச் செய்தியில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: இடம், நேரம், எதுவரை காத்திருப்பது, வராவிட்டால் என்ன செய்வது. கடைசி இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இப்படி ஒன்று:

“அண்ணே, ஞாயிறு காலை 7.15, பொட்டானிக் கார்டன் மெயின் கேட்டுக்கு வெளிய, ஜீப் ரோடு ஆரம்பிக்கிற இடம். உள்ள போயிடாதீங்க. 7.45 வரைக்கும் நிப்பேன். அதுக்கு மேல நான் மெதுவா ஏறி 84-ல உக்காந்திருப்பேன், 9.30 வரைக்கும். லைன் கெடைக்கலன்னாலும் நேரா 84-க்கு வாங்க. 9.30-க்கும் காணோம்னா நான் அதே ரோட்டுல கீழ எறங்கி வந்துடுவேன்லா.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். “அதே ரோட்டுல” என்பது முக்கியம். தேடிப் போகிறவர் ஒரு பாதையிலும் வருகிறவர் இன்னொரு பாதையிலும் போனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாண்டிவிடுவார்கள். ஜீப் பாதையில் ஏறினால் ஜீப் பாதையிலேயே இறங்குவது, மூன் கேட் பக்கம் குறுக்குவழி தேடாமல் இருப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நேரம் 7.15 என்று போட்டதற்கும் காரணம் உண்டு. பினாங்கில் சூரியன் உதிப்பது, மாதத்தைப் பொறுத்து, காலை 7 மணியிலிருந்து 7.35 வரை. ஆறு மணிக்குக் கும்மிருட்டு. வழக்கமாக ஏறுபவர்கள் கைவிளக்கோடு அப்போதே புறப்படுவார்கள், புதியவர்கள் அவர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அதற்காக ஒன்பது, பத்து என்று தள்ளவும் கூடாது, மரநிழல் இல்லாத வளைவுகளில் தாரின் சூடு முகத்தில் அடிக்கும்.

போனை எவ்வளவு நம்பலாம்

வாட்ஸாப்பில் லைவ் லொக்கேஷன் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவில் அனுப்பலாம். மலைக்கு 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், 1 மணி நேரம் 84-ஐ எட்டுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அனுப்புகிறவரின் போனில் இணையம் இல்லாத பகுதியில் புள்ளி அப்படியே நின்றுவிடும். புள்ளி நகரவில்லை என்றால் ஆள் விழுந்துவிட்டார் என்று பதற வேண்டாம், ஆள் அங்கேயே இருக்கிறார் என்று நம்பவும் வேண்டாம். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று புள்ளியைத் தொட்டுப் பாருங்கள்.

செய்தி அனுப்பியதும் ஒரு டிக் மட்டும் இருந்தால் அது நண்பரின் போனை எட்டவில்லை. இரண்டு டிக் வந்தால்தான் போய்ச் சேர்ந்தது. “நான் மெசேஜ் போட்டேனே” என்கிற சண்டை பெரும்பாலும் ஒற்றை டிக்கில்தான் வந்து முடியும். இணையம் இழுபறியாக இருக்கும் வளைவுகளில் பழைய எஸ்எம்எஸ் போய்விடுவதுண்டு, அதையும் முயலுங்கள்.

மூன் கேட் பக்கத்திலோ வேறு தடத்திலோ நிற்பவர் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) எண்களை அனுப்பினால் முதலில் சரிபார்க்க வேண்டியது இது: கொடிமலைப் பகுதியில் முதல் எண் 5.4 என்றும் இரண்டாவது 100.2 என்றும் தொடங்கும். வரிசை மாறி 100 முன்னால் வந்தால் வரைபடம் எங்கோ காட்டும், இல்லை ஒன்றும் காட்டாது. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கமாவது வேண்டும், அப்போது பிழை பத்துப் பதினோரு மீட்டர்தான். இரண்டு இலக்கத்தோடு அனுப்பினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போகும். மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது வேறொரு பள்ளத்தாக்கு. அடர்ந்த மரக்கூரையின் கீழ் போனின் கணிப்பும் அங்கங்கே தாவும். திறந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று எடுத்த எண்ணை அனுப்பச் சொல்லுங்கள்.

வரைபடத்தை வீட்டிலேயே, வைஃபையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான செயலிகளில், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவற்றில், காட்டுத் தடங்கள் கூகுளைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் கோடு இருப்பதால் தடம் இன்றும் திறந்திருக்கிறது என்று பொருளில்லை. 2017 நவம்பர் பெருமழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்து ஜீப் பாதையே அடைபட்டது. தடையோ வனத்துறை அறிவிப்புப் பலகையோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். நண்பர் மேலே காத்திருக்கிறார் என்பது கயிற்றைத் தாண்டிப் போகக் காரணமாகாது.

என்ன எடுத்துப் போவது

84 வரை போய்த் திரும்ப ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். உச்சி வரை என்றால் இரண்டரை. ஒரு ஹண்ட்ரட் பிளஸ் பான பாட்டில் சேர்ந்தால் நல்லது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், உப்புக் கடலை எது வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஆனால் சிவப்பு பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பூங்கா வாசலில் இருக்கும் நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று பாடமாகிவிட்டது. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நண்பருக்காகக் காத்திருப்பவரிடமிருந்து அது பறிபோக இரண்டு நொடி போதும். எல்லாம் முதுகுப்பைக்குள், ஜிப் மூடி. குரங்கின் கண்ணைப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், ஓடாமல் விலகி நடங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு மரத்தில் தெரிந்தால் அது பெரும்பாலும் உங்களைக் கண்டுகொள்ளாது.

காலணிக்கு அடிடாஸ் கம்போங் என்று எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். ரப்பர் மரம் சீவுபவர்கள் போட்ட அந்தக் கறுப்பு ரப்பர் காலணி மண் தடத்தில், வேர்களில், ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும், விலையும் மலிவு. தார்ச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஏறி இறங்க அது சரிப்படாது, குதிகாலுக்குக் கீழே மெத்தையே கிடையாது. ஜீப் பாதைக்கு ஓட்டக் காலணியும், மூன் கேட்டுக்குக் கம்போங்கும் போதும். நகத்தை முதல்நாளே வெட்டிவிடுங்கள். இறங்கும்போது கட்டைவிரல் காலணியின் முன்பக்கத்தில் மோதிக்கொண்டே வரும்.

ஜீப் சத்தம் கேட்டால் வளைவில் நிற்காமல் நேரான இடத்துக்கு வந்து ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நில்லுங்கள். காதில் இயர்போன் இருந்தால் இதெல்லாம் கேட்காது. டுரியான் காலத்தில் மலைத் தோட்டங்களை ஒட்டிய தடங்களில் மரத்தடியில் உட்காரவும் வேண்டாம், விழுந்து கிடப்பதை எடுக்கவும் வேண்டாம். அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

இடி வந்தால்

குடில் மழைக்கானது, மின்னலுக்கானது அல்ல. நான்கு தூணும் கூரையும் மட்டும் உள்ள திறந்த குடிலில் நின்றால் தலை நனையாது, அவ்வளவுதான். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். முப்பதுக்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஏறுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் சுவர் சூழ்ந்த கட்டடம் இல்லை, குடில்தான் இருக்கிறது என்றால் தூணில் சாயாமல், இரும்புக் கம்பியைத் தொடாமல் நடுவில் இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். சந்திப்பு நேரம் தாண்டினால் தாண்டட்டும். பினாங்கில் இடிமழை அதிகமும் பிற்பகலில்தான் வரும், காலையில் ஏறச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை காலையையும் நம்ப முடியாது.

நண்பர் காத்திருப்பு நேரம் முடிந்தும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை, கீழே இறங்கியும் காணோம் என்றால் தனியாகக் காட்டுக்குள் தேடப் போகாதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள். எந்த வாசலில் ஏறினார், எத்தனை மணிக்குக் கடைசியாகப் பேசினார், என்ன நிறச் சட்டை, போனில் எவ்வளவு பேட்டரி என்று சொன்னார், இவ்வளவும் கையில் இருந்தால் தேடுபவர்களின் வேலை பாதியாகும். அதற்காகவே புறப்படும் முன் வாசலில் ஒரு படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிடுங்கள்.

மேலே சந்திப்பதானால்

நடக்க முடியாத அப்பாவோ அக்காவோ ரயிலில் வருகிறார்கள், நீங்கள் நடந்து வருகிறீர்கள் என்றால் சந்திக்க உச்சியில் நல்ல இடம் அருளொளி திருமுருகன் ஆலயம். கேட்டால் யாரும் காட்டுவார்கள், நிழல் உண்டு, காத்திருப்பவருக்கும் அலுக்காது. ரயில் நிலைய வாசலைச் சந்திப்பிடமாக்கினால் விடுமுறை நாளில் கூட்டத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பள்ளி விடுமுறையில் ரயிலுக்கும் நீண்ட வரிசை இருக்கும், எனவே நடந்து வருபவர் முந்திவிடுவதும் உண்டு.

இறங்கும்போது முழங்கால் போதும் என்று சொன்னால் ஒருவழி டிக்கெட் எடுத்து ரயிலில் இறங்கலாம். ஆனால் அது இறக்கிவிடுவது ஆயர் ஈத்தாமில், உங்கள் கார் நிற்பதோ பூங்காவில். கிராப்புக்குக் கொஞ்சம் ரிங்கிட்டும் போனில் கடைசிப் பத்து விழுக்காடு பேட்டரியும் மிச்சம் வையுங்கள். பஸ்ஸில் வந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கீழே வந்ததும் 204-இல் ஏறி கொம்தாருக்கே போய்விடலாம்.